நூறு பார்வைப்புலங்கள்: வன்னியில் ஐந்து நாட்கள்

முதலாம் நாள்: ஆனையிறவு, கிளிநொச்சி, இரணைமடு

பையில் இரண்டு சேலை, மருந்துப் பொட்டலம், தண்ணீர்ப் போத்தல். அவற்றுக்கு நடுவே துவாயில் சுற்றிய ஒரு சின்ன மரப்பெட்டி. மூடியைத் திறந்தால் இருபத்தைந்து கண்ணாடித் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய இரத்தத் துளி காய்ந்து, சாயமேறி, வெளிறிய ஊதாவாக இருக்கிறது. வன்னியில் பத்தொன்பது ஆண்டுகள் மலேரியா இரத்தப் பூச்சுப் பார்த்தவள் நான். பயிற்சிக்கென்று ஒதுக்கிவைத்த சிலைட்டுகள் இவை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் இந்தப் பெட்டி என்னுடன் வந்திருக்கிறது.

இதை மன்னாரில் ஒப்படைக்கப் போகிறேன். அங்கே வேலைசெய்யும் பழைய தோழி கேட்டிருந்தாள். புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒட்டுண்ணியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்களாம், கண்ணுக்குப் பழக்கம் இல்லையாம். பூநகரிப் பாதையால் போனால் மூன்று மணித்தியாலத்தில் மன்னாருக்குப் போய்விடலாம். நான் சுற்றிக்கொண்டு போகிறேன். இந்தத் தகடுகள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தனவோ அந்த ஊர்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது. கூட வருபவள் என் பெறாமகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கிறாள்.

பஸ் ஆனையிறவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் நீரேரி பளபளத்தது. தைப்பொங்கல் முடிந்து ஒரு வாரம். முன்பு இதுதான் காய்ச்சல் காலம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, ஓடிய தண்ணீர் ஆற்றுப் படுகையில் குட்டை குட்டையாகத் தேங்கும். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் எங்களுக்கு நிமிர நேரம் இருக்காது. யாழ்ப்பாணத்து அம்மாமார் வன்னிக்குக் கமம் செய்யப் போகும் பிள்ளைகளுக்கு “அங்கே தண்ணீர் பிடிக்காது, கவனம்” என்று சொல்லி அனுப்புவார்கள். தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். குடிக்கும் தண்ணீரிலா, நுளம்பு முட்டையிடும் தண்ணீரிலா என்பதுதான் தெரியாமல் இருந்தது. இத்தாலியர் காற்றைச் சொன்னார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். நாங்கள் தண்ணீரைச் சொன்னோம்.

காற்றையும் தண்ணீரையும் விட்டு இரத்தத்தைப் பார்த்தவர் லவெரான் என்ற பிரெஞ்சுப் படை மருத்துவர். 1880 நவம்பர் 6ஆம் தேதி, அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தீன் நகரில், காய்ச்சலில் கிடந்த ஒரு படைவீரனின் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் வைத்தார். சாயம் ஏற்றவில்லை. அப்போதுதான் எடுத்த பச்சை இரத்தம். அதில் ஏதோ ஒன்று சாட்டை போன்ற இழைகளை வீசி அசைந்துகொண்டிருந்தது. அசைந்ததால்தான் அது உயிர் என்று அவருக்கு உறுதியானது. பரந்தன் சந்தி வரும்வரை பெறாமகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். பரீட்சைக்காக ஆண்டை மனப்பாடம் செய்திருந்தாள். அசைவைப் பற்றி இன்றுதான் கேள்விப்பட்டாளாம்.

கிளிநொச்சியில் உறவினர் வீட்டில் பைகளை வைத்துவிட்டு மாலையில் இரணைமடுவுக்குப் போனோம். குளம் கரைகொள்ளாமல் நிற்கிறது. அணைக்கட்டில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் நின்று படம் எடுக்கிறார்கள். கீழே கனகராயன் ஆற்றின் பழைய படுகையில் மணல் திட்டுகளுக்கு நடுவே தெளிந்த சிறு குட்டைகள். அவளை அங்கே கூட்டிப்போய்க் காட்டினேன். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் கூலிசிபேசிஸ் என்ற நுளம்பு சாக்கடையில் பெருகுவதில்லை. அதற்குச் சுத்தமான, வெயில்படும், ஓடாத தண்ணீர் வேண்டும். 1934இல் மழை பொய்த்து நாட்டின் ஈரவலயத்து ஆறுகள் இப்படிக் குட்டைகளாக உடைந்தபோதுதான் பெரிய கொள்ளைநோய் வந்தது. 1934, 1935 இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அந்தச் சாவில் பெரும்பகுதி தென்மேற்கில். வன்னியில் காய்ச்சல் ஒவ்வோர் ஆண்டும் வந்ததால் அதைக் கொள்ளைநோய் என்று எவரும் பெயரிட்டு எழுதவில்லை.

இரண்டாம் நாள்: முறிகண்டி, மாங்குளம், முள்ளியவளை

முறிகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு மாங்குளத்தில் இறங்கினோம். அங்கிருந்து கிழக்கே முல்லைத்தீவு வீதி. ஒட்டுசுட்டான்வரை இரண்டு பக்கமும் பாலையும் முதிரையும் நிற்கின்றன. முன்பு இருந்த அடர்த்தியில் பாதியும் இல்லை.

முள்ளியவளையில் நான் வேலைசெய்த அறை இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் யாரோ வேலி போட்டுத் தென்னம்பிள்ளை நட்டிருக்கிறார்கள். கிணறு மட்டும் அப்படியே இருக்கிறது. கட்டில் உட்கார்ந்து, அந்த அறையில் எப்படி வேலைசெய்தோம் என்று அவளுக்குச் சொன்னேன். வாசிப்பவர்களுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த வேலையை மின்விளக்கு இல்லாமல் செய்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

ஊர்களுக்குப் போகும் வெளிக்களத் தம்பிமார் காய்ச்சல்காரரின் விரலைக் குத்தி, ஒரே தகட்டில் இரண்டு பூச்சு எடுப்பார்கள். ஒன்று தடித்தது: மூன்று சிறு துளியைத் தகட்டின் மூலையால் கலக்கி ஒரு சத நாணய அளவுக்கு வட்டமாகப் பரப்புவது. மற்றது மெல்லியது: ஒரு துளியை இன்னொரு தகட்டின் விளிம்பால் இழுத்து நாக்கு வடிவில் தேய்ப்பது. மெல்லிய பூச்சு காய்ந்ததும் அதன் தடித்த ஓரத்திலேயே பென்சிலால் எண்ணை எழுதவேண்டும். மை கழுவுப்பட்டுவிடும், பென்சில் கீறல் போகாது. காயும்வரை காவல் இருக்க வேண்டும். ஈ வந்து இருந்தால் நக்கிவிடும்; எறும்பு ஏறினால் வட்டத்தில் பாதியைக் காணோம். வெயிலில் காயவைத்தால் இரத்தம் தகட்டில் வெந்து ஒட்டி, பிறகு தண்ணீர் ஏறாது. அப்படிப்பட்ட தகட்டில் சாயம் போட்டும் பயனில்லை.

சாயம் ஜீம்சா. ஹம்பேர்க் நகரத்து வேதியியலாளர் குஸ்தாவ் ஜீம்சா 1904இல் அதைச் செம்மைப்படுத்தினார், பெயரும் அவருடையதே. மெல்லிய பூச்சை மெதனோலில் தோய்த்து நிலைப்படுத்துவோம். தடித்ததை அப்படியே விடுவோம். சாயத்தில் கலந்த தண்ணீர் செங்குழியங்களை உடைத்துக் கரைத்துவிடும். எஞ்சுவது வெண்குழியங்களின் கருவும், இருந்தால், ஒட்டுண்ணியும்தான். கரைந்துபோன பல அடுக்கு இரத்தத்தின் ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒரே தளத்தில் கண்முன் கிடக்கும். அதனால்தான் தடித்த பூச்சில் தேடுகிறோம். கண்டபின் எந்த வகை என்று மெல்லிய பூச்சில் உறுதிசெய்கிறோம். வைவாக்ஸ் என்றால் அது குடியிருக்கும் செங்குழியம் ஊதிப் பெருத்து, உள்ளே செம்புள்ளிகள் தூவினாற்போல் இருக்கும். பல்சிபாரம் என்றால் செங்குழியம் தன் அளவிலேயே இருக்கும். உள்ளே மெல்லிய நீல வளையம், வளையத்தில் ஒரு சிவப்புக் கல். கல் வைத்த மோதிரம்தான். மூளைக்கு ஏறி ஆளைக் கொல்லக்கூடியது இந்த மோதிரம்.

வெளிச்சம்தான் பெரும்பாடு. மின்சாரம் இல்லாத ஆண்டுகள். மண்ணெண்ணெயும் பற்றரியும் வன்னிக்குள் வருவது தடைப்பட்டிருந்த காலம். எங்கள் நுணுக்குக்காட்டியின் அடியில் விளக்கு இல்லை, கண்ணாடி இருந்தது. நேர் வெயிலைக் கண்ணாடியில் பிடித்தால் கண் கெட்டுவிடும். அதற்காக யன்னலுக்கு எதிரே இருந்த மதிலுக்கு வெள்ளையடித்தோம். அந்த மதிலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பால்போல் சீராக வரும். மாதம் ஒருமுறை சுண்ணாம்பு பூசுவது நான். காலை எட்டிலிருந்து பிற்பகல் மூன்றரைவரை மதில் வேலைசெய்யும். முகில் போட்டால் அன்றைய வாசிப்பு நின்றுவிடும். பெறாமகள் எழுந்து போய், மதில் நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்று பார்த்தாள். கிணற்றுக்கும் அந்த இடத்துக்கும் பன்னிரண்டு அடி.

இப்போது சொல்லப்போவதை அவளுக்குச் சொல்லவில்லை.

எங்கள் விதி இதுதான்: தடித்த பூச்சில் நூறு பார்வைப்புலங்களைப் பார்க்காமல் ‘ஒட்டுண்ணி காணப்படவில்லை’ என்று எழுதக்கூடாது. எண்ணெய் வில்லையின் கீழ் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்டம் ஒரு புலம். தகட்டை ஒரு மயிரளவு நகர்த்தினால் அடுத்த புலம். ஒரு மார்கழிப் பிற்பகல், மேசையில் சிலைட்டுகள் குவிந்து கிடந்தன. முகில் கட்டியிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றின் சிலைட்டில் அறுபது புலங்கள்வரை பார்த்தேன். ஒன்றும் இல்லை. மதில் சாம்பல் நிறமாகிவிட்டது. முடிவுத்துண்டுக்குத் தம்பி சைக்கிளுடன் வாசலில் நின்றான். காணப்படவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இரவெல்லாம் அது உறுத்தியது. மறுநாள் வெளிச்சம் வந்ததும் அதே தகட்டை எடுத்து விட்ட இடத்திலிருந்து பார்த்தேன். எண்பதைத் தாண்டியதும் மோதிரம். ஒன்றே ஒன்று. இன்னும் தேடியபோது இரண்டாவது. பல்சிபாரத்தின் தன்மை அது. முதிர்ந்த ஒட்டுண்ணிகள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டி மறைந்துகொள்ளும், விரல் நுனி இரத்தத்தில் கொஞ்சம்தான் தெரியும். விரலில் குறைவு என்பதால் உடலில் குறைவு என்று ஆகாது. நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுப்பாதையால் அந்த ஊருக்குப் போனேன். ஊர் வெறுமையாகக் கிடந்தது. முதல்நாள் இரவு செல் விழுந்து எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள். அடுப்பில் சாம்பல் சூடாக இருந்தது. எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. மருந்து என் கையில் இருந்தது.

அந்தத் தகடு இந்தப் பெட்டியில் பதினேழாவது பள்ளத்தில் இருக்கிறது.

மூன்றாம் நாள்: தண்ணீரூற்று, வற்றாப்பளை

காலையில் வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுவிட்டு நந்திக்கடல் ஓரமாகக் கொஞ்சம் நடந்தோம். அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. தண்ணீர் அமைதியாக இருந்தது.

பிற்பகலில் தண்ணீரூற்றுப் பக்கம் பரம்பரைப் பரியாரியார் ஒருவரைச் சந்தித்தோம். எண்பதைத் தாண்டியவர். காய்ச்சல்காரரை என்னிடம் அனுப்பிவைத்தவர்களில் அவரும் ஒருவர். “பிள்ளை, நீ இரத்தத்தைப் பார், நான் நாடியைப் பார்க்கிறேன். இரண்டு பேரும் சொல்வது ஒத்துவந்தால் நல்லது” என்பார். இன்றைக்கும் அதையே சொன்னார். பெறாமகளுக்குத் தன் மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டும்போது ஒரு கிழங்குத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பறங்கிப்பட்டை. “என் பேரனார் காலத்தில் வீட்டுக்கு வீடு இது அரைபடும்” என்றார்.

பறங்கிப் புண்ணைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அது மறைந்துபோனது நல்லதுதான், ஆனால் வன்னியின் கதையை அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. உடம்பெங்கும் தடித்த புண்கள் எழும்பும். பிள்ளைகளுக்குத்தான் கூடுதல். ஆறிவிட்டதுபோல் தோன்றி ஆண்டுகள் கழித்து எலும்பைப் பிடிக்கும், உள்ளங்கால் வெடித்து நடக்கமுடியாமல் செய்யும். நடக்கமுடியாதவன் குளக்கட்டைத் திருத்தமாட்டான், வயல் உழமாட்டான். பறங்கியர் கொண்டுவந்தது என்று நினைத்துப் பறங்கி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1803இல் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் தோற்றதோடு வன்னி அழிந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதற்குப் பிறகு எஞ்சிய குடிகளுக்கு என்ன நடந்தது? அந்தக் கேள்வியுடன் 1868இல் ஜேம்ஸ் லூஸ் என்ற மருத்துவர் வன்னியில் ஆட்கள் ஏன் குறைந்துபோகிறார்கள் என்று அரசுக்கு அறிக்கை கொடுத்தார். பறங்கி நோய் அவர் கண்ட காரணங்களில் ஒன்று. ஆனால் அவரிடம் இருந்தவை கண்ணும் கையும்தான். இது பெருநோயா (தொழுநோய்), மேகப்புண்ணா (சிபிலிஸ்), வேறு நோயா என்று புண்ணின் தோற்றத்தைக் கொண்டே பிரிக்க வேண்டியிருந்தது.

விடை கொழும்பில் கிடைத்தது, முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து. டி சொய்சா குடும்பத்தின் கொடையால் அங்கே ஒரு பற்றீரியாவியல் நிலையம் அமைந்திருந்தது. இன்று மருத்துவ ஆராய்ச்சி நிலையமாகப் பொரளையில் நிற்பது அதன் தொடர்ச்சிதான். 1903இல் அங்கே வந்து சேர்ந்த இத்தாலியர் அல்டோ கஸ்தெல்லானி, 1905இல் பறங்கிப் புண்ணிலிருந்து எடுத்த கசிவில் தக்கைத்திருகி போன்ற மெல்லிய சுருளி ஒன்றைக் கண்டார். அதே ஆண்டு சில மாதங்களுக்கு முன்புதான் ஜெர்மனியில் சௌடினும் ஹொஃப்மனும் மேகநோயில் ஒரு சுருளியைக் கண்டிருந்தார்கள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல. அடுத்த ஆண்டு வசர்மன் இரத்தச் சோதனையைக் கொண்டுவந்தபோது அதுவும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை, இரண்டுக்கும் ‘ஆம்’ என்றே சொன்னது. இன்றைய இரத்தச் சோதனைகளும் அப்படித்தான். ஊர், வயது, புண் எங்கே தொடங்கியது என்று நோயாளியிடம் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். இதைச் சொன்னதும் பரியாரியார் பெறாமகளைப் பார்த்துச் சிரித்தார். நாடி பார்ப்பவரின் வெற்றிச் சிரிப்பு அது என்று எனக்குத் தெரியும். நானும் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு விடயம் என்னை நீண்ட காலமாக வருத்துகிறது. நோய் இங்கே கிடந்தது, வில்லை கொழும்பில் இருந்தது. முதலில் ஆர்சனிக் கலவையான சல்வார்சன் ஊசி வந்தது. பிறகு பெனிசிலின் வந்து ஒரே ஊசியில் அந்தப் புண்ணைக் காயவைத்தது. அதற்கு முன் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் நொண்டியபடியே வளர்ந்திருப்பார்கள்! ஆய்வுகூடம் என்பது நோய் இருக்கிற இடத்தில் இருக்கவேண்டும். இரத்தம் போகிற தூரமும் பதில் திரும்பிவருகிற தூரமும்தான் ஒரு நாட்டின் சுகாதாரத்தின் அளவு. என் அனுபவத்தில் நான் நம்புவது இதைத்தான்.

(முதலாம் நாள் பதிவில் ஆனையிறவுக் கதையை வாசித்துவிட்டு ஒருவர், மலேரியாவைப் பரப்புவது நுளம்பு என்று கண்டுபிடித்தது லவெரான் இல்லையே என்று கேட்டிருந்தார். சரிதான். நுளம்பின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டவர் ரொனால்ட் ரொஸ். 1897 ஓகஸ்ட் 20, செகந்திராபாத். வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருவேறி, மிஞ்சியிருந்த ஒரே கண்வில்லையும் வெடித்திருந்த நிலையில் அதைப் பார்த்தார். உசேன் கான் என்ற நோயாளி தன் உடம்பில் நுளம்புகளைக் கடிக்கவிட்டார், கடித்த நுளம்பு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. ரொஸ்ஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. உசேன் கானின் பெயரையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.)

நான்காம் நாள்: வவுனியா

புளியங்குளம், ஓமந்தை வழியாக வவுனியா. வழியில் இறங்கவில்லை. செட்டிகுளம் வீதியில் மெனிக் பாம் அகதிமுகாம் இருந்த பக்கம் ஓட்டோவில் போனோம். போர் முடிந்த 2009இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முள்வேலிக்குள் இருந்தார்கள், நானும் இருந்தேன். மஞ்சள்காமாலை வந்தது, பொக்கிளிப்பான் வந்தது. மலேரியாவும் கொட்டப்போகிறது என்று அஞ்சினோம். நெருக்கம், மழை, திறந்த கூடாரம், எல்லாப் பகுதியிலிருந்தும் வந்த ஆட்கள். விரல் குத்தினோம், குத்திக்கொண்டே இருந்தோம். அது வரவில்லை.

ஏன் வரவில்லை என்று பெறாமகள் கேட்டாள். இதை எண்களில் சொன்னால்தான் புரியும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி தெளித்து, 1963இல் நாடு முழுவதிலும் வெறும் 17 நோயாளர் என்ற நிலைக்கு இலங்கை வந்திருந்தது. வென்றுவிட்டோம் என்று கைகளைத் தளர்த்தினார்கள். தெளிப்பு நின்றது, இரத்தம் பார்ப்பது குறைந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 1999இலும் 2 இலட்சத்து 64 ஆயிரம் பேர், பெரும்பகுதி போர் நடந்த மாவட்டங்களில். அதன்பின் போருக்குள்ளேயே வேலை நடந்தது. மருந்தூட்டிய நுளம்புவலை, வீட்டுச் சுவர்த் தெளிப்பு, நடமாடும் இரத்தப் பரிசோதனை. துப்பாக்கி வைத்திருந்த இரண்டு பக்கமும் மலேரியாக்காரரை உள்ளே போகவிட்டார்கள். காய்ச்சல் இல்லாதவரின் விரலையும் குத்தினோம், ஏனென்றால் காய்ச்சல் காட்டாமலே இரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கலாம். வைவாக்ஸ் ஈரலிலும் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். வைவாக்ஸ் கண்டவருக்குப் பதினான்கு நாள் பிரிமாகுயின் மருந்து கொடுத்து உறங்குவதையும் கொன்றோம். 2012 ஒக்டோபரில் உள்நாட்டுத் தொற்றுச் சங்கிலியின் கடைசி மலேரியா நோயாளி. 2016 செப்டெம்பர் 5இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

அந்தச் செய்தியை யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் வாசித்தேன். அழுதேன். வெள்ளையடித்த மதில்தான் நினைவுக்கு வந்தது.

இன்று வவுனியாவில் வெயில் அதிகம். மாலையில் குளக்கட்டுப் பக்கம் இருந்து தேநீர் குடித்தோம், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள்: மடு, மன்னார்

காட்டுக்கு நடுவே மடுமாதாவின் முற்றம் இன்று வெறிச்சோடி இருந்தது. ஆடித் திருவிழாவுக்கு நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து மரங்களின் கீழ் நாள்கணக்கில் தங்குவார்கள். ஒருவர் இரத்தத்தில் கொண்டுவருவதை நுளம்பு நூறு பேருக்குக் கொடுத்து அனுப்பிவிடும். அதனால் திருவிழாவுக்கு முன்பே கொட்டில் போட்டு உட்கார்ந்துவிடுவோம். மெழுகுதிரி வாங்கிய கையோடு வரிசையில் வந்து விரலை நீட்டுவார்கள். ஒருமுறை ஒரு பிள்ளையின் விரலை நான் குத்தியதும், அதன் சிங்களத் தாய் இரத்தம் வந்த இடத்தில் மடு மண்ணைப் பூசினாள். நான் தடுக்கவில்லை. மண்ணைத் துடைத்துப் பஞ்சு வைத்துவிட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

மன்னார்த் தீவுக்குள் நுழைந்தபோது காற்று வீசி மணல் பறந்தது. ஆய்வுகூடத்தில் தோழி காத்திருந்தாள். கட்டிப்பிடித்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முதல் வேலையாக எங்களை ஒரு வீட்டுக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். 2016 டிசம்பரில், நாடு மலேரியா அற்றது என்று அறிவித்து நான்கு மாதம் ஆகவில்லை, இந்தத் தீவில்தான் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற நுளம்பு இலங்கையில் முதல்முறையாக அகப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அது. கூலிசிபேசிஸுக்கு ஆற்றுக் குட்டை வேண்டும், இதற்குக் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும். மன்னாரில் கிணறு இல்லாத வளவு உண்டா? கிணற்றில் விட்டிருந்த சின்ன மீன்களைக் காட்டினாள். நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று விட்டவை. வெளிநாடு போய்த் திரும்புவோர் உடலில் ஆண்டுதோறும் ஒட்டுண்ணியும் வருகிறது. நுளம்பும் இருக்கிறது. இரண்டும் சந்திக்காமல் நிற்பது, காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரின் விரலையும் குத்திப் பார்க்கும்வரைதான்.

“நாள் முழுவதும் காணப்படவில்லை, காணப்படவில்லை என்றே எழுதுகிறார்கள். சலித்துப்போகிறார்கள், அதுதான் எனக்குப் பயம்” என்றாள் தோழி. கால் மணி நேரத்தில் கோடு காட்டும் உடனடிச் சோதனைப் பட்டியும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருந்தால் பட்டி தவறவிடும். எத்தனை இருக்கின்றன, மருந்து கொடுத்தபின் குறைகின்றனவா என்று எண்ணிச் சொல்ல வில்லைதான் வேண்டும்.

பெட்டியை மேசையில் வைத்தேன். அங்கே வேலைசெய்யும் மூன்று இளம் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பெறாமகள் நுணுக்குக்காட்டியின் முன் இருந்தாள். அடியில் மின்விளக்கு, திருகினால் வெளிச்சம் கூடும். பதினேழாவது தகட்டை எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒன்றும் சொல்லாமல் அவளிடம் கொடுத்தேன்.

இடது கையால் எண்ணியை அழுத்தினாள். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு ‘டிக்’. வலது கை தகட்டை நகர்த்தியது. நான் அவளுக்குப் பின்னால் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சாயம் வெளிறியிருக்கிறது, பார்ப்பது சிரமம், தெரியும். முப்பது. நாற்பத்தைந்து. அறுபதில் என் கை தானாகக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டது. அவள் நிறுத்தவில்லை. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. எழுபதுக்குப் பிறகு ஒருமுறை கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி குனிந்தாள்.

தொண்ணூற்று மூன்றில் சத்தம் நின்றது. நுண்திருகாணியை முன்னும் பின்னுமாக மெல்லத் திருப்பினாள்.

“பெரியம்மா, மோதிரம்” என்றாள். “பல்சிபாரம். ஒன்றுதான் தெரிகிறது. பொறுங்கள், நூறுவரை பார்க்கிறேன்.”

பார்த்து முடித்தபின் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் இருந்த பென்சில் எண்ணை வாசித்தாள். “இது எந்த ஊர்?” என்று கேட்டாள். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் இருந்த அந்த ஊரின் பெயரைச் சொன்னேன். ஐந்து வயது, காய்ச்சல் மூன்று நாள் என்று பதிவேட்டில் இருந்ததையும் சொன்னேன். தோழி புதிய பதிவேட்டைத் திறந்து, எண், வயது, வகை, கண்ட புலம் என்று கோடு கீறிப் பெறாமகளிடம் பேனையைக் கொடுத்தாள். அவள் எழுதினாள்.